பழி முழுவதும் என்மேல் விழுந்திருக்கிறது. என் பங்குத் தவறையும் சொல்லித்தான் வாதிட வேண்டுமா?

இடைவெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து நாட்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நடந்ததை இயன்ற அளவு நேர்மையாகவே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளருக்கான விலை மதிப்பீட்டைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பொருட்களின் விலைப் பட்டியலை என் மேலாளர் கொடுத்தார். அது பழைய பட்டியல் என்பதை வேலையைத் தொடங்கிய சில நாட்களிலேயே கண்டுகொண்டு, புதிய விலைகள் வேண்டும் என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஐந்து நாட்கள் கழித்து மீண்டும் எழுதினேன். அன்று மாலை என் மேசைக்கு வந்தவர், "நேரமில்லை, இதையே வைத்து அனுப்பிவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னார். அப்படியே அனுப்பினேன். வாடிக்கையாளர் உடனே ஒப்புக்கொண்டார்; வேலை தொடங்கிய பிறகுதான் நாங்கள் சொன்ன விலை அடக்கத்துக்கே போதாது என்பது தெரியவந்தது.

அடுத்து நடந்த கூட்டத்தில், பன்னிரண்டு பேர் முன்னிலையில், "கணக்கைப் போட்டவர் சரிபார்க்காமல் அனுப்பியதால் வந்த நஷ்டம் இது" என்று மேலாளர் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மறுநாள் சுற்றுக்கு வந்த கூட்டக் குறிப்பிலும் அந்த வாக்கியம் இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் ஆண்டு அப்ரைசல் (மேலாளர் எழுதும் பணி மதிப்பீடு) வரப்போகிறது.

இதுவரை சொன்னதை மட்டும் படித்தால், என்மேல் எந்தத் தவறும் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்குப் பிறகு அந்த எக்செல் கோப்பைத் திறந்து வரிவரியாகப் பார்த்தபோது, போக்குவரத்துச் செலவுக்கான கடைசி வரிசை மொத்தக் கூட்டுத்தொகையில் சேரவே இல்லை என்பதைக் கண்டேன். அந்தச் சூத்திரத்தை எழுதியது நான்தான். நஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பழைய விலைப் பட்டியலால் வந்தது. மீதம் என் கவனக்குறைவால் வந்தது. இது இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது.

வீட்டில் பெரியவர்கள், "பொறுத்தார் பூமி ஆள்வார், விட்டுவிடு" என்கிறார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர், "அந்த இரண்டு மின்னஞ்சல்களை மட்டும் எடுத்துக் காட்டு, சூத்திரத்தைப் பற்றி மூச்சு விடாதே" என்கிறார். விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. மறைக்கவும் ஒப்பவில்லை, மறைத்தால், தன் பங்கைச் சொல்லாமல் என் பங்கை மட்டும் சொன்ன மேலாளர் செய்ததையே நானும் செய்தவனாகிவிடுவேன் என்று தோன்றுகிறது. ஆனால் சொன்னால், என்னை வெட்டும் கத்தியை நானே எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடாதா?

நெடுவழி எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாளர் பிரிவில் இருந்து, இத்தகைய புகார்களைக் கேட்கும் நாற்காலியில் அமர்ந்திருந்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, யாரிடமும் பேசுவதற்கு முன்பாக, நடந்ததை இன்றே எழுதி வைப்பது. என்றைக்கு எந்த மின்னஞ்சல் அனுப்பினீர்கள், அதில் என்ன கேட்டீர்கள், அவர் மேசைக்கு வந்தது எந்த நாள், அவர் சொன்ன சொற்கள் என்ன, அப்போது அருகில் யார் இருந்தார்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஒரு நிகழ்ச்சியை எந்தச் சொல்லால் குறிக்கிறோமோ அந்தச் சொல் நம் நினைவையே மாற்றிவிடும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளரும் ஜான் பாமரும் 1974-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கார் விபத்தின் படத்தை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" எவ்வளவு வேகம் இருந்தது என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" எவ்வளவு வேகம் இருந்தது என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோதும் அவர்களில்தான் கூடுதலானவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

உங்களுக்கும் அது நேரலாம். "என்னைப் பலிகொடுத்துவிட்டார்" என்று பத்து நாள் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால், பதினோராம் நாள் அவர் முகத்தில் ஒரு வன்மத்தை நீங்கள் உண்மையிலேயே பார்த்ததாக நினைவு வரும். ஆகவே "அனுப்பினேன்", "கேட்டேன்", "சொன்னார்" என்ற வெறும் வினைச்சொற்களோடு நில்லுங்கள். அவர் திட்டமிட்டுச் செய்தாரா, அந்த வாய்மொழியை மறந்தே போனாரா, மேலிடத்துக்குப் பயந்து வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதீர்கள். நான் கேட்ட புகார்களில் பல, நடந்ததைச் சொன்ன இடம்வரை உறுதியாக நின்று, மற்றவர் உள்ளத்தைச் சொல்லத் தொடங்கிய இடத்தில்தான் சரிந்தன. "வேண்டுமென்றே செய்தார்" என்ற சொல்லை ஒருவர் எழுதிவிட்டால், அன்று முதல் விசாரணை அந்த வேண்டுமென்றே என்பதைப் பற்றியதாகிவிடும்; தேதியும் மின்னஞ்சலும் ஓரமாகப் போய்விடும்.

இரண்டாவதாக, நீங்கள் கேட்கப்போவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். மேலாளர் உங்களிடம் வருந்த வேண்டும் என்பதா, எல்லோரும் உங்களை நம்ப வேண்டும் என்பதா, கூட்டக் குறிப்பில் உள்ள அந்த ஒரு வாக்கியம் திருத்தப்பட வேண்டும் என்பதா? முதல் இரண்டையும் எந்த அதிகாரியாலும் உங்களுக்கு வாங்கித்தர முடியாது. மூன்றாவதைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ ஒருவர் முடிவு சொல்லியாக வேண்டும். அதைக் கேளுங்கள்.

சூத்திரத்தைப் பற்றி: சொல்லுங்கள். தன் பங்கைத் தானே சொல்லும் ஒருவருடைய மற்றச் சொற்களைக் கேட்பவர் சற்றுக் கூடுதலாக நம்புவார் என்பது என் அனுபவம். ஆனால் அந்த நம்பிக்கையைப் பெறும் உபாயமாக அதைச் சொல்லாதீர்கள். அது உண்மை என்பதால் சொல்லுங்கள். உபாயமாகச் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும்.

சாம்பல்மேகம் எழுதியது:

மேலே எழுதிய அம்மையாரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மாறுபட்ட ஒரு கருத்தைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

இங்கே இரு தரப்பும் ஒரே தளத்தில் நிற்கவில்லை. ஒருவரிடம் அடுத்தவருடைய அப்ரைசலை எழுதும் அதிகாரம் இருக்கிறது. மற்றவரிடம் இரண்டு மின்னஞ்சல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில், யாரும் கேட்காத ஒரு தவறைத் தானாக முன்வந்து ஒப்புக்கொள்வது நேர்மையாக இருக்கலாம். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் எப்போதும் கீழே இருப்பவர்தான். நான் அதைக் கொடுத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, என்மேல் வந்த ஒரு பொய்யான குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும்போது, என் பக்கத்திலும் ஒரு சிறு தாமதம் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனபோது அவர்கள் நினைவில் தங்கியது அந்தத் தாமதம் மட்டுமே. "அவரே ஒப்புக்கொண்டாரே" என்ற ஒரு வாக்கியத்தோடு என் முழு விளக்கமும் முடிந்துபோயிற்று.

பேசாமலிருப்பது பொய் சொல்வதாகாது. கேட்டால் மறைக்க வேண்டாம்; கேட்காதவரை சொல்லவும் வேண்டாம். மின்னஞ்சல்களை வைத்து உங்கள் மேல் விழுந்த பழியை அகற்றுங்கள். சூத்திரத்தை அடுத்த முறை திருத்திக்கொள்ளுங்கள்.

வேர்க்கால் எழுதியது:

சாம்பல்மேகம் அவர்கள் சொல்வதில் உள்ள வலியை நான் அறிவேன். ஆனால் நான் அதற்கு நேர் எதிரான வழியில் போய் விழுந்தவன் என்பதால், அதையும் இங்கே வைக்கிறேன்.

என் பழைய அலுவலகத்தில், என் மூத்த பணியாளர் ஒருவர் நான் செய்த வேலையைத் தன் பெயரில் மேலே அனுப்பினார். நான்கு முறை அப்படி நடந்தது. நான்குக்கும் என்னிடம் சான்று இருந்தது. ஆனால் புகார் எழுத உட்கார்ந்தபோது நான்கு என்பது எனக்குச் சிறியதாகத் தோன்றியது. "என் வேலைகள் அனைத்தையும் எப்போதும் தன்னுடையதாகவே காட்டிக்கொள்கிறார்" என்று எழுதினேன். அதோடு, அந்த நான்கில் ஒன்றில் அவருடைய உழைப்பும் பாதி இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன். விசாரணையில் அவர் செய்ததெல்லாம் இரண்டே காரியங்கள். என் பெயரோடு தான் மேலே அனுப்பிய ஒரு பழைய அறிக்கையை எடுத்துக் காட்டினார். அந்தப் பாதி உழைப்புக்கான கோப்புகளையும் எடுத்துக் காட்டினார். அத்துடன் எல்லாம் முடிந்தது. "எப்போதும்" பொய்யானது, "அனைத்தும்" பொய்யானது, அவற்றின் நிழல் விழுந்து மற்ற மூன்றும் பொய்யாகிவிட்டன. எனக்கு நடந்த அநீதி உண்மையானது. அதை நம்பத் தகாததாக ஆக்கியது என் சொற்கள்தான். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் கலைகிறது.

பேசாமலிருப்பது பொய்யாகாது என்பது பொதுவாகச் சரி. என் வாழ்க்கையின் எல்லாப் பிழைகளையும் எல்லோரிடமும் ஒப்புவிக்க வேண்டிய கடமை எனக்கில்லை. ஆனால் நண்பர் இடைவெளி எழுதப்போவது எதைப் பற்றி? அந்த நஷ்டம் எதனால் வந்தது என்பதைப் பற்றி. "இந்த நஷ்டம் பழைய விலைப் பட்டியலால் வந்தது" என்று கையெழுத்திட்டு எழுதினால், அதில் ஒரு காரணம் தெரிந்தே விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் மௌனம் வெறும் மௌனமாக இராது, வாக்கியத்தையே பொய்யாக்கிவிடும். அதோடு அந்தக் கோப்பு அலுவலகத்தில்தான் இருக்கிறது. நாளை வேறொருவர் அதைத் திறந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தோடு வாதிடுபவரின் குரல் எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்தே அறிந்திருக்கிறேன்.

சாம்பல்மேகத்துக்கு ஒரு கேள்வி. உங்கள் தாமதத்தை நீங்கள் எந்த இடத்தில், எந்த அளவில் சொன்னீர்கள்? நம்மில் பலர் தவறை ஒப்புக்கொள்ளும்போது அதை முதல் வாக்கியமாக வைத்து, மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, அதன் பிறகு தயங்கித் தயங்கி விளக்கத்துக்கு வருகிறோம். கேட்பவர் அதற்குள் தீர்ப்பை எழுதிவிடுகிறார். தவறைச் சொல்வது ஒன்று, தவறுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வது வேறொன்று. பத்தில் ஒரு பங்கைப் பத்தில் ஒரு பங்காகச் சொல்வதுதான் உண்மை. அதைப் பாதியாக்கிக் காட்டும் பணிவும், இல்லவே இல்லை என்று காட்டும் துணிவைப் போலவே ஒரு பிழையான கணக்குத்தான்.

பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நகரம் எரிந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முந்திய கணம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவள் இரங்குமாறு கேட்கவில்லை. தன் சிலம்பில் உள்ள பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான். சிலம்பு உடைபட்டது, மாணிக்கம் தெறித்தது. அவை கூடியிருந்த இடத்தில், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய ஒற்றைக் கேள்வியாகத் தன் வழக்கை அவள் சுருக்கிவிட்டாள். நண்பரின் வழக்கிலும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது: பட்டியல் பழையது என்று நஷ்டம் வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா, இல்லையா?

தாழ்குரல் எழுதியது:

எல்லோரும் எழுதப்போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். கூட்டத்தில் வாய் திறக்காமல் போனதைப் பற்றி அவர் எழுதியிருப்பதை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது.

நண்பரே, அது கோழைத்தனம் அல்ல. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்ற மிக எளிய கேள்விதான் கேட்கப்பட்டது. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும், முன்கூட்டியே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் சரியான விடை இருந்தும், சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் பக்கம் சாய்ந்தது. வெறும் கோடுகளுக்கே இந்த நிலை என்றால், அப்ரைசல் எழுதுகிற கை நீட்டிக் குற்றம் சொல்லும்போது பன்னிரண்டு பேர் முன்னால் நா எழாமல் போனதில் வியப்பில்லை. அந்தச் சோதனைகளிலேயே இன்னொன்றும் தெரியவந்தது. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், கூட்டத்தின் பக்கம் சாய்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒருவர்தான்.

அதனால் ஒன்று சொல்கிறேன். மேலாளர் மேசைக்கு வந்து பேசியதை அருகிலிருந்து கேட்டவர் யாராவது இருந்தால், அவரிடம் தனியாகப் போய், "நீங்கள் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது, யாராவது கேட்டால் கேட்டதைச் சொல்வீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். என் பக்கம் நில்லுங்கள் என்று கேட்காதீர்கள், என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவர் மறுத்தால் அதற்காக அவரை வெறுக்கவும் வேண்டாம். அவருக்கும் வீடு இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. தேநீர் வேளையில் ஆள் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஐந்து பேரிடம் சொன்ன கதை ஆறாவது ஆளிடம் போகும்போது உங்கள் கதையாக இராது. ஆனால் உங்கள் பெயர் மட்டும் அதில் இருக்கும்.

கூட்டத்துக்குப் பிறகு சக ஊழியர்கள் சற்று விலகிப்போனது போல உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் துன்புறுத்தப்படுவதாகக் காட்டப்பட்டபோது, அதைத் தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவர்கள் அவளையே தாழ்வாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப விரும்பும் மனம், அடிபட்டவரிடத்தில் ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

இடைவெளி எழுதியது:

உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. தாழ்குரல் எழுதியதைப் படித்தபோது சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் மேற்கொண்டு படிக்க முடிந்தது.

நடந்ததை நாள்வாரியாக எழுதி முடித்துவிட்டேன். எழுதும்போதே ஒன்று புலப்பட்டது. முதல் மின்னஞ்சலில், "பட்டியல் பழையதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்றுதான் எழுதியிருக்கிறேன். நான் அழுத்திச் சொன்னதாக நினைவிருந்தது. அழுத்தியது இரண்டாவது மின்னஞ்சலில்தான். மேலாளரிடம் கொடுக்கக் கீழே உள்ளவாறு எழுதியிருக்கிறேன். தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

"வணக்கம். என் கவனக்குறைவுக்கு முதலில் மிகவும் வருந்துகிறேன். கோப்பில் போக்குவரத்துச் செலவை மொத்தத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டேன், அதற்காக மன்னிக்கவும். ஆனால் பழைய விலைப் பட்டியலைப் பற்றி நான் எத்தனையோ முறை எச்சரித்தும் நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. எல்லோர் முன்னிலையிலும் என்னை அவமானப்படுத்தியது எனக்கு மிகுந்த மன உளைச்சலைத் தந்திருக்கிறது. இதற்கு நியாயம் வேண்டும்."

நெடுவழி எழுதியது:

முதல் மின்னஞ்சலைத் திரும்பப் படித்து, உங்கள் நினைவைவிட அது மென்மையாக இருந்ததைக் கண்டு சொன்னீர்களே, அந்த மனநிலையிலேயே இந்தக் கடிதத்தையும் எழுதுங்கள். இப்போது உள்ள வடிவத்தில் உங்கள் வழக்கு தலைகீழாக நிற்கிறது.

மன்னிப்பு முதல் வாக்கியத்திலிருந்து போக வேண்டும். "எத்தனையோ முறை" என்பது இரண்டு முறை; இரண்டு என்றே எழுதுங்கள், அது போதும். "கண்டுகொள்ளவே இல்லை" என்பதும் சரியில்லை. அவர் வந்து ஒரு பதில் சொன்னார், அந்தப் பதில்தான் உங்கள் சான்றிலேயே முக்கியமானது. அதை நீங்களே ஏன் அழிக்கிறீர்கள்? அவமானப்பட்டேன் என்பது உண்மை. அதை நேரில் சொல்லுங்கள், அது நேரில் சொல்ல வேண்டியது. "நியாயம் வேண்டும்" என்ற இடத்தில் வேண்டியது என்ன என்று எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"கூட்டக் குறிப்பில், நஷ்டம் கணக்கைச் சரிபார்க்காததால் வந்தது என்று பதிவாகியுள்ளது. அது முழுமையானதல்ல என்பதால் திருத்தம் கோருகிறேன். விலைப் பட்டியல் பழையது என்பதை இன்னின்ன தேதிகளில் இரண்டு மின்னஞ்சல்களில் தெரிவித்துப் புதிய பட்டியலைக் கேட்டேன். இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பிய அன்று மாலை, இருக்கும் பட்டியலையே வைத்து அனுப்புமாறு நீங்கள் நேரில் கூறினீர்கள். நஷ்டத்தின் பெரும்பகுதி அதனால் வந்தது. கணக்கு இத்துடன் உள்ளது. போக்குவரத்துச் செலவு மொத்தத்தில் சேராதது என் பிழை. அதன் அளவும் அதே கணக்கில் உள்ளது, இனி அனுப்பும் முன் இன்னொருவர் பார்க்கும்படி செய்திருக்கிறேன். இந்த இரண்டு காரணங்களும் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

இதை எடுத்த எடுப்பிலேயே அனுப்பிவிடாதீர்கள். முதலில் அவரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு, நேரில் சொல்லுங்கள். அவருக்கும் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு திருத்திக்கொள்ள ஒரு வழி வேண்டும். பேச்சு எப்படி முடிந்தாலும், அன்றே இந்தக் கடிதத்தை, "இன்று பேசியபடி" என்று தொடங்கி அனுப்பிவிடுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் மட்டுமே மனிதவளப் பிரிவு. அப்போதும் இதே கடிதம்தான், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம். அப்ரைசலுக்கு முன்பே இது நடந்துவிட வேண்டும். மதிப்பெண் வந்த பிறகு சொன்னால், மதிப்பெண்ணுக்காகச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

சாம்பல்மேகம் எழுதியது:

வேர்க்கால் கேட்ட கேள்விக்கு இரண்டு நாட்களாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆம், நான் மன்னிப்பிலிருந்துதான் தொடங்கினேன். நண்பரின் முதல் வடிவத்தைப் படித்தபோது என் பழைய பேச்சையே படித்தது போல இருந்தது. அந்த அம்மையார் எழுதிய வடிவத்தில் பிழை சொல்லப்பட்டிருந்தாலும் அது முழு வழக்கையும் விழுங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், எதிரில் இருப்பவர் நேர்மையாக வாசிப்பார் என்ற உறுதி இல்லாத இடத்தில் இது ஆபத்தான வழிதான் என்ற என் எண்ணம் முழுதாக மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம்.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும். மின்னஞ்சல்களின் தேதியையும் நேரத்தையும் உங்கள் சொந்தக் கையேட்டில் குறித்து வையுங்கள். ஆனால் அலுவலகக் கோப்புகளை உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் அது விதிமீறல். உங்கள் மேல் இல்லாத ஒரு குற்றத்தை நீங்களே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

இடைவெளி எழுதியது:

நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேலாளரிடம் போன வாரம் பேசினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் எழுதி வைத்திருந்த வரிசையிலேயே சொல்லி முடித்தேன். முதலில், தான் அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை என்றார். இரண்டாவது மின்னஞ்சலின் தேதியைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். சூத்திரப் பிழையைச் சொன்னபோது, "பார்த்தீர்களா, நான் சொன்னதும் இதுதானே" என்றார். சாம்பல்மேகம் அஞ்சியது அப்படியே நடந்தது. எனக்கும் உள்ளுக்குள் எல்லாம் இடிந்தது போல இருந்தது. அப்போது வேர்க்கால் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. "ஆம், அது என் பிழை. அதன் அளவு இது, மற்றதன் அளவு இது" என்று கணக்குத் தாளை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று மாலையே கடிதத்தை அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துத் திருத்தப்பட்ட கூட்டக் குறிப்பு சுற்றுக்கு வந்தது. பழைய விலைப் பட்டியல் பற்றி முன்பே எழுத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தது என்ற வாக்கியம் சேர்ந்திருக்கிறது. போக்குவரத்துச் செலவு விடுபட்டதும் என் பெயரோடு இருக்கிறது. அதையே வைத்து அனுப்பச் சொன்னவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை. அருகில் இருந்து கேட்ட சக ஊழியரிடம் தாழ்குரல் சொன்னபடியே கேட்டேன். யாராவது கேட்டால் சொல்கிறேன் என்றார், இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

அந்த விடுபட்ட வாக்கியத்தையும் கேட்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்ரைசல் அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முன் நெடுவழி அம்மா ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுவழி எழுதியது:

கேளுங்கள், ஆனால் தனிப் புகாராக வேண்டாம். அப்ரைசல் படிவத்தில் பணியாளர் தன் கருத்தை எழுத ஓர் இடம் இருந்தால், திருத்தப்பட்ட குறிப்பின் தேதியையும், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் தேதியையும் அங்கே எழுதி, வாய்மொழி அறிவுறுத்தல் பற்றிக் கடிதத்தில் உள்ள அதே வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள். திங்கட்கிழமை காலையில் எழுத உட்காராதீர்கள். ஞாயிறே எழுதி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் மீண்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.